பாண்டோகிராஃப்: கணக்கு கச்சிதம், கீல்தான் தொல்லை

வடிவொத்த முக்கோணங்களை (வடிவம் ஒன்று, அளவு வேறு) பிள்ளைகளுக்குப் புரியவைக்க, படத்தைப் பெரிதாகவோ சிறிதாகவோ நகலெடுக்கும் கருவியான பாண்டோகிராஃப் வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். கீலில் சேர்ந்த இரண்டு நீளப் பட்டை, அவற்றோடு இணைகரமாகச் சேரும் இரண்டு குட்டைப் பட்டை, எத்தனை மடங்கு என்று சொல்லும் துளை எண்கள், ஒரு நீளப் பட்டையின் நுனியில் அசையாமல் நிற்கும் நிலை ஊசி, குட்டைப் பட்டைகள் சேரும் இடத்தில் மூலப் படத்தைத் தொடரும் தட ஊசி, மறு நீளப் பட்டையின் நுனியில் நகல் வரையும் பென்சில் எல்லாம் அவருக்குத் தெரிந்ததுதான். ரொம்ப காலம் கையாண்ட பிறகு சொல்ல இருப்பது வேறு. போன வாரம்தான் தளர்ந்த ரிவெட்டை எடுத்துவிட்டு போல்ட் போட்டேன், அந்தக் கடுப்பும் இதில் இருக்கும்.

கிறிஸ்டோஃப் ஷைனர் 1603-இல் உருவாக்கிய கருவி இது. அடிப்படைக் கணக்கு இன்றும் அதேதான். நீளப் பட்டைகள் இரண்டும் கீலிலிருந்து நுனிவரை 36 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 3 என்ற துளையில் மாட்டினால் நிலை ஊசியிலிருந்து போல்ட் 12 செ.மீ., போல்ட்டிலிருந்து தட ஊசி 12 செ.மீ. ஆக, நிலை ஊசி, போல்ட், தட ஊசி சேர்ந்த சின்ன முக்கோணத்தின் இரு பக்கங்கள் 12, 12. நிலை ஊசி, கீல், பென்சில் சேர்ந்த பெரியதில் 36, 36. நடுவில் உள்ள இணைகரம் எதிர்ப் பட்டைகளை எப்போதும் இணையாகவே வைப்பதால் இடைக்கோணம் இரண்டிலும் சமம். பகோப விதிமுறைக்கு (இரு பக்கங்கள் ஒரே விகிதம், இடைக்கோணம் சமம் என்றால் வடிவொத்தவை) வேறென்ன வேண்டும்? கை நகர நகர அந்தக் கோணம் விரியும், சுருங்கும். 1:3 மட்டும் அசையாது. புத்தகத்துப் படம் ஒரு முக்கோணத்தைத்தான் காட்டும். இங்கே முக்கோணம் கண்ணெதிரே மாறிக்கொண்டே இருக்க, விகிதம் மட்டும் நிற்கிறது. இதற்காகவே இந்தக் கருவி எனக்குப் பிடிக்கும்.

தப்பாக மாட்டினால் இன்னும் நன்றாகச் சொல்லிக்கொடுக்கும். ஒரு நீளப் பட்டையில் 3, மற்றதில் 2 என்று போட்டு, இணைகரம் கலையாதபடி குட்டைப் பட்டைகளை மாற்றி மாட்டுங்கள். ஒரு பக்கம் 12/36, மறு பக்கம் 18/36. பட்டைகள் இணையாகத்தான் இருக்கின்றன, ஆனால் விகிதம் போய்விட்டது. நேர்கோட்டைத் தொடர்ந்தால் வளைந்து விழும். சரியாக மாட்டியிருக்கிறதா என்று அறிய நிலை ஊசி, தட ஊசி, பென்சில் மூன்றின் மேலும் ஸ்கேலை வையுங்கள். பட்டைகளை விரித்தும் மடக்கியும் மூன்று நிலைகளில் ஒரே கோட்டில் வந்தால் சரி. ஒரு நிலையில் மட்டும் பார்த்துவிட்டு நம்பக்கூடாது.

நான் எதிர்பாராத இன்னொன்று: நிலை ஊசியைத் தட ஊசி இருந்த நடு முனைக்கு மாற்றி, பழைய நிலை முனையில் தட ஊசியைப் போட்டால் படம் தலைகீழாக, 180° திரும்பி வரும். 3-ஆம் துளையில் அது மூன்று மடங்கு அல்ல, இரண்டு மடங்கு. இப்போது ஒப்பிட வேண்டிய பக்கங்கள் 12-ம் 24-ம். திரும்பிக் கிடக்கும் முக்கோணம் வடிவொத்ததே இல்லை என்று அடம்பிடிக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

இனி எரிச்சல். கீலில் ஆட்டம். ரிவெட் லேசாகத் தேய்ந்து தட ஊசி அரை மி.மீ. ஆடினால், மூன்று மடங்கு பெரிதாக்கும்போது பென்சிலில் அது ஒன்றரை மி.மீ. விகிதம் கோட்டை மட்டுமா பெருக்குகிறது, பிழையையும் பெருக்குகிறது. ஊசியையும் பென்சிலையும் இடம் மாற்றிச் சிறிதாக்கினால் கை நடுக்கம் மூன்றில் ஒரு பங்காகி, கோடு அழகாக விழும். ஆனால் இதை வாங்குகிறவர்களில் பலரும் பெரிதாக்கத்தானே வாங்குகிறார்கள்! போல்ட்டை இறுக்கினாலும் தீராது. அதிகம் இறுக்கினால் பட்டை திக்கித் திக்கி நகரும், மூலைகள் மழுங்கும். இரண்டு பக்கமும் வாஷர், மேலே பூட்டு நட்டு, பட்டை தன் எடையில் விழாத அளவுக்கு மட்டும் இறுக்கம். அதுவும் கொஞ்ச காலம்தான் தாங்கும்.

சோதிக்க 3, 4, 5 செ.மீ. முக்கோணமே போதும். 2-ஆம் துளையில் 6, 8, 10 வர வேண்டும், மூலைமட்டத்தை வைத்தால் செங்கோணம் அப்படியே இருக்க வேண்டும். பரப்பு 6 ச.செ.மீ.-இலிருந்து 24 ஆகும். இரண்டு மடங்கு கருவி நான்கு மடங்கு பரப்பைத் தருவதைக் கட்டம் போட்ட தாளில் எண்ணியே பார்த்துவிடலாம்.

இவ்வளவு புகழ்ந்த பிறகும் நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். ரிவெட் அடித்த மலிவு மாடல் நிச்சயமாக வேண்டாம். கெட்டி அட்டையில் நான்கு பட்டை வெட்டி, நான்கு பட்டையிலும் ஒரே அளவுகளில் துளையிட்டு, சின்ன போல்ட் போட்டு நீங்களே செய்யுங்கள். அதிலும் ஆட்டம் இருக்கும். ஆனால் 12-க்கும் 36-க்கும் பிள்ளையே அளந்து துளை போட்டிருக்கும்.