கட்ட முடியாத தவணை வீடு: விற்பதா, திருப்பிக் கொடுப்பதா, விட்டுவிட்டுப் போவதா?

அமெரிக்காவில் வங்கிக் கடன் கிடைக்காத பலர், வீட்டை விற்பவரிடமே மாதத் தவணை கட்டி வாங்குகிறார்கள். தவணை கைமீறிப் போனால் முதலில் பார்க்க வேண்டியது, பத்திரம் இப்போது யார் பெயரில் இருக்கிறது என்பதைத்தான். உங்கள் பெயருக்கு மாறி, விற்றவரிடம் வீடு அடமானத்தில் இருந்தால், உங்கள் நிலை ஏறக்குறைய வங்கியில் வீட்டுக்கடன் வாங்கியவரின் நிலைதான். 'லேண்ட் கான்ட்ராக்ட்' என்றால், கடைசித் தவணை வரை பத்திரம் விற்றவரிடமே இருக்கும். சிக்கல் அதிகம் இந்த இரண்டாவது வகையில்தான். ஒஹாயோ மாநிலத்தை வைத்தே பார்ப்போம்.

விட்டுவிட்டுப் போவது சுலபமாகத் தெரியும். ஆனால் ஐந்து ஆண்டுக்குக் குறைவாக, விலையில் 20 சதவீதத்துக்கும் குறைவாகக் கட்டியிருந்தால், தவணை தவறி 30 நாள் கழித்து விற்றவர் ஒப்பந்தத்தை ரத்து செய்ய இறங்கலாம். 10 நாள் நோட்டீஸ், அப்புறம் நீதிமன்றம். முன்பணம், மாதப் பணம், கூரை மாற்றிய செலவு எல்லாம் போய்விடும். அந்த இரண்டு வரம்பில் ஒன்றைத் தாண்டியவர் கதையே வேறு. அவரிடமிருந்து வீட்டை எடுக்க விற்றவருக்கு நீதிமன்ற ஏலம்தான் வழி; விற்றவருக்குச் சேர வேண்டியது ஒப்பந்த பாக்கி வரைதான். இது தெரியாமல் ஆறு வருடம் கட்டியவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவதை நினைத்தாலே வயிறு எரிகிறது. டெக்சஸிலும் இப்படி ஒரு வரம்பு உண்டு: 40 சதவீதம் அல்லது 48 மாதத் தவணை.

திருப்பிக் கொடுப்பது இதைவிட மேல், பேரம் பேசினால். வழக்கறிஞர் செலவும் மாதக்கணக்கான காத்திருப்பும் விற்றவருக்கு மிச்சமாகின்றன. அதற்கு ஈடாக வீடு மாறும் செலவைக் கேளுங்கள். மீதிப் பாக்கி எதையும் கோரமாட்டேன் என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போடாமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.

என் கணிப்பில் முதலிடம் விற்பதற்குத்தான். வீடு பாக்கியைவிடக் கூடுதல் விலை போகுமானால், புதிதாக வாங்குபவரின் பணத்தில் பாக்கியை அடைத்துப் பத்திரத்தை வாங்கிவிடலாம்; தரகும் இதர செலவும் போக மிஞ்சுவது உங்களுடையது. முன்கூட்டி அடைத்தால் அபராதம் உண்டா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். விற்றவர் அந்த வீட்டின் மேல் வங்கிக் கடன் வைத்திருக்கிறாரா என்று கவுன்டி (மாவட்டம் போன்ற பிரிவு) பத்திரப் பதிவகத்திலும் பாருங்கள். சந்தை விலைக்கு மேல் கொடுத்து வாங்கியிருந்தால் இந்த வழி அடைபடும்; அப்போது திருப்பிக் கொடுப்பதுதான் அடுத்தது.

தவணையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாமா? வேலை போய் மூன்று மாதத்தில் திரும்பக் கிடைக்கும் என்றால் சரி. வருமானமே போதாது என்றால் அது காலம் கடத்துவது மட்டுமே.

எந்த வழியானாலும் தவணை தவறுவதற்கு முன்பே தொடங்குங்கள். நோட்டீஸ் ஏற்கெனவே கையில் இருந்தால், அன்றே இலவச சட்ட உதவி அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள். கட்டிய ரசீதுகள் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள்.