மூன்று கால் போதுமா, செயற்கைக் கால் வேண்டுமா? அடிபட்ட செல்லப் பிராணிகளுக்கான வழிகள்: ஓர் ஒப்பீட்டு அலசல்

வண்டியில் அடிபட்டு, முன்னங்காலின் மணிக்கட்டுக்குக் கீழே எலும்பெல்லாம் நொறுங்கிப்போன நாய் மருத்துவமனை மேசையில் கிடக்கிறது. அதை வளர்ப்பவரிடம் அப்போது கேட்கப்படும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: காலை எடுத்துவிடலாமா? உயிர் பிழைத்தால் போதும் என்ற தவிப்பில் அவர் தலையசைக்கிறார். தோளோடு சேர்த்துக் கால் அகற்றப்படுகிறது. நாய்க்குச் செயற்கைக் கால் பொருத்த முடியும் என்பது சில வாரங்கள் கழித்துத்தான் அவர் காதில் விழுகிறது. விசாரித்துக்கொண்டு போனால், பொருத்துவதற்குக் கால் எதுவும் மிச்சமில்லையே என்ற பதில் கிடைக்கிறது. வழிகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய நேரம் அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய நேரம் என்பதை இயன்றவரை பலருக்குச் சொல்லிவிட வேண்டும் என்ற எண்ணமே இந்த அலசலை எழுத வைக்கிறது.

காயம் பாதத்தில் இருக்க, தோள்வரை ஏன் வெட்டுகிறார்கள் என்ற ஐயம் எழுவது இயல்பு. அதற்குத் தக்க காரணம் உண்டு. பாதி காலை விட்டுவைத்தால் விலங்கு அதைத் தரையில் ஊன்றப் பார்க்கும். மெல்லிய தோலுக்கு அடியிலேயே எலும்பு இருப்பதால் நுனி தேய்ந்து, புண்ணாகி, மறுபடியும் அறுவை மேசைக்கு வர நேரிடும். ஆகவே முன்னங்காலைத் தோள்பட்டை எலும்போடு எடுப்பதும், பின்னங்காலைத் தொடை எலும்பின் நடுவிலோ இடுப்பு மூட்டிலோ எடுப்பதும் நெடுங்கால வழக்கம். மூன்று காலில் வாழப்போகும் விலங்குக்கு அதுவே சரி. ஆனால் செயற்கைக் கால் மாட்டுவதற்கு முன்னங்காலில் முழங்கையும், பின்னங்காலில் முழங்காலும் முழுதாக இருந்தாக வேண்டும். அந்த மூட்டுக்குக் கீழே உள்ள எலும்பிலும் கணிசமான பகுதி, ஏறத்தாழ பாதியாவது, எஞ்சியிருப்பது நல்லது. ஒரே காயத்துக்கு இவ்விரு வழிகளும் நேர்மாறான இடங்களில் வெட்டச் சொல்கின்றன. தோளோடு எடுத்த காலுக்கு, மாட்டும் வகைச் செயற்கைக் காலைப் பின்னர் நினைத்துப் பார்க்கவே இயலாது.

முதலில் மூன்று கால் வாழ்க்கையைப் பார்ப்போம். அதைப் பற்றி மனிதர்களுக்கு இருக்கும் அச்சம் தேவைக்கு மேற்பட்டது. 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், கால் அகற்றப்பட்ட நாய்களை வளர்த்த 64 பேரிடம் கேட்டபோது, 55 பேர் மறுபடியும் அதே முடிவைத்தான் எடுப்போம் என்றார்கள். தாங்கள் நினைத்ததைவிட நாய் நன்றாகவே பழகிக்கொண்டது என்று சொன்னவர்கள் அவர்களில் முக்கால்வாசிக்கும் மேல். பூனைகள் இன்னும் எளிதாகச் சமாளிக்கின்றன. உடல் எடை குறைவு, முதுகு வளையும் தன்மை அதிகம். புண் ஆறியதும் சன்னல் திண்டில் தாவி ஏறி உட்காரும் மூன்று கால் பூனைக்கு, செயற்கைக் காலைக் கட்டிவிடுவது பெரும்பாலும் உபத்திரவமாகவே முடியும்.

என்றாலும் எந்தக் கால் போயிற்று என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறுகிறது. நிற்கும் நாயின் எடையில் சுமார் 60 விழுக்காட்டை முன்னங்கால்கள் இரண்டும் தாங்குகின்றன, மீதி 40 விழுக்காடு பின்னங்கால்களுக்கு. முன்னங்கால் ஒன்று போனால், அதுவரை மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகச் சுமந்துவந்த மற்ற முன்னங்கால் உடல் எடையில் பாதிக்கு அருகில் சுமக்க வேண்டியதாகிறது. அந்தக் கால் மெல்ல நெஞ்சின் நடுக்கோட்டுக்கு நகர்கிறது. ஒவ்வோர் அடியிலும் தலை மேலெழுந்து தாழ்கிறது. மணிக்கட்டு ஆண்டுக்கணக்கில் அளவுக்கு மீறி மடங்கித் தளர்கிறது. இளம் நாயிடம் இது வெளியே தெரியாது. பெரிய இனத்தைச் சேர்ந்த, கொஞ்சம் பருமனான, இடுப்பிலோ முழங்கையிலோ ஏற்கெனவே மூட்டுத் தேய்வு உள்ள நாயிடம் விரைவிலேயே தெரிந்துவிடும். கால் அகற்றும் முன் மற்ற மூன்று கால்களையும் முதுகெலும்பையும் தொட்டுப் பார்த்து, வேண்டுமானால் எக்ஸ்ரே எடுத்துச் சோதிக்காத மருத்துவர், முடிவின் பாதியைத்தான் பார்த்திருக்கிறார் என்பேன்.

எலும்புப் புற்றுநோய்க்காகக் கால் எடுக்கப்படும் நாய்களின் நிலை வேறு. காலை மட்டும் எடுத்தால் பல நாய்களுக்கு நான்கைந்து மாதங்களும், கீமோதெரபியும் சேர்ந்தால் ஓராண்டு அளவுக்கும் வாழ்நாள் கிடைக்கிறது. அந்தக் குறுகிய காலத்தில் பல வாரங்களைச் செயற்கைக் காலுக்குப் பழக்குவதில் செலவிட வேண்டுமா என்று கேட்டால், வலி நீங்கிய நாய் அடுத்த வாரமே மூன்று காலில் முற்றத்தில் நடக்கட்டும் என்பதே என் விடை.

இனி, மாட்டிக் கழற்றும் செயற்கைக் கால். செல்லப் பிராணிகளுக்குப் பொருத்தப்படுபவற்றில் பெரும்பாலானவை இந்த வகைதான். எஞ்சிய காலின் மீது மெல்லிய உறையை இழுத்துவிட்டு, அதற்கு மேல் ஃபைபர்கிளாஸ் மாவுக்கட்டைச் சுற்றுகிறார்கள். விலங்கு காலை உதறாமல் இருக்கப் பெரும்பாலும் லேசான மயக்கம் தரப்படுகிறது. ஒருவர் காலை நிற்கும் கோணத்திலேயே பிடித்துக்கொள்ள, இன்னொருவர் கட்டு இறுகும்வரை அசையாமல் காத்திருக்கிறார். அந்தக் கோணம் சற்றே பிசகினாலும் பின்னால் வரும் கால் பிசகிவிடும். இறுகிய கட்டை நீளவாக்கில் வெட்டி எடுத்து, அந்த அச்சிலிருந்து உள்ளே மென்நுரையும் வெளியே சூட்டில் வளையும் பிளாஸ்டிக்குமாக ஒரு கூட்டை வார்க்கிறார்கள். கீழே ஒரு தண்டு, அதன் அடியில் வழுக்காத ரப்பர், மேலே வெல்க்ரோ பட்டைகள்.

செய்வதை விடப் பழக்குவதே கடினம். முதல் நாளில் சில நிமிடங்கள் மட்டும், கையில் தின்பண்டத்தோடு. பிறகு நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிப்பு. ஒவ்வொரு முறை கழற்றும்போதும் தோலைப் பார்க்க வேண்டும். கூட்டைக் கழற்றியதும் எலும்பு துருத்தும் இடத்தில் இளஞ்சிவப்பாக ஒரு தடம் தெரியும். விரலால் அழுத்தினால் வெளிறி மீண்டும் சிவக்கும். கால் மணி, இருபது நிமிடத்துக்குள் அந்தத் தடம் மறைந்துவிட்டால் கவலையில்லை. மறையாமல் நின்றால், அல்லது அந்த இடத்தில் முடி கொட்டி ஈரம் கசிந்தால், அன்று முழுவதும் கூட்டை மாட்டக் கூடாது. செய்தவரிடம் கொண்டுபோய் உட்புறத்தைத் திருத்த வேண்டும். நாயின் தோல் சதையோடு ஒட்டாமல் தளர்ந்து நகரக்கூடியது, கூடோ இறுக்கமானது. இரண்டும் உராய்வதால் வரும் புண்ணும், கால் கூட்டிலிருந்து நழுவுவதும்தான் இந்த வழியில் ஓயாமல் தலைதூக்கும் தொல்லைகள். இரவில் கழற்றிவிட வேண்டும், உட்புறத்தைத் துடைத்து உலர வைக்க வேண்டும், சதை வற்றி எஞ்சிய கால் மெலியும்போது கூட்டை மாற்ற வேண்டும். வளரும் குட்டியாக இருந்தால் அது வளர வளரப் புதிது புதிதாகச் செய்ய நேரும்.

இவ்வளவு உழைப்பையும் வாங்கிக்கொண்டு அது என்ன தருகிறது? முழங்கைக்குக் கீழே முன்னங்காலை இழந்த பெரிய நாய்க்கு, மற்ற காலின் சுமையில் ஒரு பங்கை அது திருப்பி வாங்கிக்கொள்கிறது, முதுகு நேராகிறது. இரண்டு கால்களில் குறை உள்ள விலங்குக்கோ அது நடமாட்டத்தையே தருகிறது. பின்னங்கால் நுனியில் பாதத் திண்டின் ஒரு பகுதியைக் காப்பாற்றி, எஞ்சிய காலின் அடியில் மடித்துத் தைத்துவிட்டால், எடை தாங்கவென்றே அமைந்த அந்தத் தோல் கூட்டுக்குள்ளும் தன் வேலையைச் செய்யும். இதெல்லாம் நரம்பு நன்றாக இருக்கும்போது மட்டுமே. அடிபட்டதில் தோளருகே நரம்புகள் வேரோடு பிய்ந்துவிட்ட நாயால் முழங்கையை விறைப்பாக நிறுத்த முடியாது, காலில் உணர்ச்சியும் இருக்காது. அதற்கு எவ்வளவு நேர்த்தியான கூடு செய்தாலும் இழுத்துச் செல்லும் பாரமாகத்தான் தொங்கும்.

கூடே இல்லாமல் எலும்புக்குள் உலோகத்தைப் பதிக்கும் வழி மூன்றாவது. டைட்டானியத்தை எலும்பு தன்னோடு சேர்த்துப் பிணைத்துக்கொள்ளும் என்பதை ஸ்வீடன் நாட்டின் பெர்-இங்வார் பிரானேமார்க் 1950-களில் முயல்களிடம் கண்டறிந்தார். மனிதர்களின் தாடை எலும்பில் செயற்கைப் பல் பதிக்கும் இன்றைய முறை அதிலிருந்து வளர்ந்தது. உலோகம் எலும்பில் நிற்பது ஒருபுறம் இருக்க, அது தோலைத் துளைத்து வெளிவரும் இடத்தில் கிருமி புகாமல் தடுப்பது எப்படி என்பதே நெடுங்காலச் சிக்கல். தோலைக் கடந்து வெளியே நிற்கும் மான் கொம்பை ஆராய்ந்து, தோல் உட்புகுந்து வளரத்தக்க துளைகள் கொண்ட ஓர் அமைப்பை லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் கார்டன் பிளன் குழுவினர் உருவாக்கினார்கள். 2009-இல் ஜெர்சி தீவில் அறுவடை இயந்திரத்தில் சிக்கிப் பின்னங்கால் பாதங்கள் இரண்டையும் இழந்த ஆஸ்கர் என்ற பூனைக்கு, இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் பணியாற்றும் நோயல் ஃபிட்ஸ்பாட்ரிக் அதே ஆண்டில் அந்த அமைப்பை இரு கால்களிலும் பொருத்தினார். அமெரிக்காவில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் டெனிஸ் மார்செலின்-லிட்டில் நாய்களுக்கும் பூனைகளுக்கும் இத்தகைய பதிப்புகளைச் செய்தவர்.

மாட்டும் காலோடு இதை அருகருகே வைத்தால் மேன்மை தெளிவாகத் தெரியும்: உராய்வுப் புண் இல்லை, நழுவல் இல்லை, எஞ்சிய எலும்பு குட்டையாக இருந்தாலும் சில வேளைகளில் இயலும், தரையின் அழுத்தம் நேராக எலும்புக்குப் போவதால் நடை இயல்பாகிறது. அதன் பாதகமும் தெளிவு. கூடு ஒத்துவரவில்லை என்றால் கழற்றி வைத்துவிடலாம். பதித்த உலோகம் கிருமி பட்டுத் தளர்ந்தாலோ எலும்பு பிளந்தாலோ இன்னோர் அறுவைதான் தீர்வு, அதன் முடிவு பெரும்பாலும் முழுக் கால் அகற்றலே. இதைத் திறம்படச் செய்யும் மையங்கள் உலகில் மிகச் சிலவே. ஒரு கால் மட்டும் போன, மூன்று காலில் ஓடக்கூடிய விலங்குக்கு இந்த அபாயத்தை ஏற்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆஸ்கரின் நிலை அப்படிப்பட்டதன்று. இரண்டு பாதமும் போன பூனைக்கு வேறு வழிகள் சுருங்கிவிட்டிருந்தன.

முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் கால் செய்வது தனி வழி என்று சிலர் எண்ணுகிறார்கள். அது செய்யும் முறை மட்டுமே, பொருந்தும் விதிகள் மாட்டும் காலுக்கு உரியவைதான். முன்னங்கால்கள் குறையாகப் பிறந்த டெர்பி என்ற நாய்க்கு 2014-இல் அமெரிக்காவில் வளைய வடிவில் அச்சிடப்பட்ட கால்கள் இதன் நல்ல முகம்: குச்சிபோன்ற தண்டு மண்ணில் புதையும், வளையம் புதையாது, சரியில்லை என்றால் கணினியில் திருத்தி மறுபடியும் அச்சிட்டுக்கொள்ளலாம். ஆனால் வீட்டு அச்சு இயந்திரங்களில் பரவலாகப் பயன்படும் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கும், அடுக்குகளுக்கு இடையில் பிளக்கவும் கூடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவைத்த கால் வளைந்துபோகலாம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் வடிவத்தை அச்சிட்டு நாயின் காலில் கட்டுவதை நான் ஒருபோதும் ஒப்ப மாட்டேன். தோலைப் பார்த்து அளவெடுத்த கை அதன் பின்னால் இல்லை.

சக்கர வண்டியைச் செயற்கைக் காலுக்குப் போட்டியாக வைப்பதே பொருத்தமில்லாதது. பின்பாகம் முழுவதும் செயலிழந்த நாய்க்கும், இரு பின்னங்கால்களும் மேல்வரை போன நாய்க்கும் அது மிக நல்ல துணை. முன்னங்கால்களும் தோளும் வலுவாக இருக்க வேண்டும். வண்டியில் இருக்கும்போது படுக்க முடியாது, படியேற முடியாது, யாராவது உடனிருக்க வேண்டும்.

கால் இருக்கிறது, ஆனால் தளர்ந்துவிட்டது என்ற நிலையில் உள்ளவர்கள் இன்னொன்றையும் கேட்டறிய வேண்டும். குதிகால் தசைநார் அறுந்த நாய்க்கும், மணிக்கட்டு மடங்கித் தரையில் படியும் நாய்க்கும், காலைத் தாங்கிப் பிடிக்கும் தாங்குகட்டு ஒன்றைச் செய்து மாட்டினாலே பல வேளைகளில் நடை திரும்புகிறது. தன் பாதமே தரையைத் தொட்டு உணர்வதற்கு ஈடு எந்தச் செயற்கைக் காலிலும் இல்லை.

பொருத்துபவர் யார் என்பதும் வழியைப் போலவே கனமானது. அறுவைச் சிகிச்சை செய்பவர், அச்செடுத்துக் கூடு வார்ப்பவர், நடை பழக்கும் பிசியோதெரபி மருத்துவர் ஆகிய மூவரின் வேலை இது. மனிதர்களுக்குச் செயற்கைக் கால் செய்யும் தொழிலிலிருந்து வந்தவர்களும் நடுவில் உள்ள வேலையைத் திறமையாகச் செய்கிறார்கள். மூவரும் வெட்டுக்கு முன்பே பேசிக்கொள்ளும் இடத்தில் எங்கே வெட்டுவது, திண்டைக் காப்பாற்றலாமா, தழும்பு எந்தப் பக்கம் விழ வேண்டும் என்பதெல்லாம் கூட்டுக்கு ஏற்ப அமைகின்றன. வெட்டி முடித்த பின் அஞ்சலில் அச்சை அனுப்பி வாங்கும் கூட்டில், முதல் திருத்தத்துக்கே யாரிடம் போவது என்று தெரியாமல் நிற்க நேரிடுகிறது. இதுவரை எத்தனை விலங்குகளுக்குப் பொருத்தியிருக்கிறீர்கள், அவற்றில் எத்தனை ஓராண்டுக்குப் பிறகும் மாட்டிக்கொண்டிருக்கின்றன, திருத்தங்களை யார் செய்வார் என்று கேட்டால் மனம் கோணாமல் விடை சொல்பவரையே நம்பலாம்.

காயம் தாழ்வாக இருந்து, நோய்த்தொற்று மேலே ஏறாமல், நரம்பும் நல்லபடியாக இருக்கும் பெரிய நாயின் விஷயத்தில், மருத்துவரிடம் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: முதலில் தாழ்வாக வெட்டிச் செயற்கைக் காலை முயன்று பார்க்கலாமா? அது ஒத்துவராவிட்டால் பின்னர் உயரத்தில் எடுக்க நேரும்; இரண்டாவது மயக்க மருந்தும் இரண்டாவது வலியும் அந்த நாய்க்கு வரும். அந்த வலி சிறிதன்று; அதை ஏற்க மனமில்லாதவர் தோளோடு எடுக்கச் சொல்வதில் எந்தப் பிழையும் இல்லை. ஆனால் தாழ்வாக வெட்டியதைப் பிறகு உயர்த்திக்கொள்ளலாம், உயர்வாக வெட்டியதைத் தாழ்த்த முடியாது என்பதை மருத்துவரே முன்வந்து சொல்ல வேண்டும். அவர் சொல்லாவிட்டால், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் நாமாவது கேட்க வேண்டும்.