டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள்

அப்பாவுக்கு இருபது வருஷத்துப் பிரஷர். போன வருஷம் அது தானாகவே இறங்கியது. மாத்திரையைப் பாதியாக்கி, அப்புறம் நிறுத்தியே விட்டார்கள். "நல்லா கன்ட்ரோல்ல இருக்கு சார்" என்றார் டாக்டர். ஸ்வீட் வாங்காத குறையாக நாங்களும் சந்தோஷப்பட்டோம். ஒருநாள் கட்டிலிலிருந்து எழுந்தவர் தலைசுற்றி அப்படியே விழுந்தார்.

எங்கள் ஊரில் பெரிய தனியார் மருத்துவமனை அது, பெயர் வேண்டாம். எட்டு மாதம், நான்கு டிபார்ட்மென்ட். சிறுநீர் நுரைத்தது, சுகர் கிட்னி என்றார்கள். பாதம் மரத்தது, அதுவும் சுகர். மூச்சு வாங்குகிறது என்று ஆஞ்சியோ செய்தார்கள், அடைப்பு இல்லை. பில் மூன்றரை லட்சம் தாண்டியது. ரத்தத்தில் புரத எலக்ட்ரோபோரெசிஸ் (ரத்தப் புரதங்களைப் பிரித்துப் பார்க்கும் டெஸ்ட்) ஒன்றே ஒன்று எடுத்துவிட்டு, "ரத்த வியாதி எதுவும் இல்லை" என்று முடித்துவிட்டார்கள்.

கடைசியில் வேலூருக்குப் போனோம். அங்கிருந்த டாக்டர் முதலில் நாக்கை நீட்டச் சொன்னார். இரண்டு ஓரத்திலும் வரிசையாகப் பல் தடம். தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட என் கண்ணில் அது பட்டதே இல்லை. இமையில் இருந்த ஊதாக் கன்றலை எங்காவது இடித்துக்கொண்டிருப்பார் என்று நினைத்திருந்தோம். இந்த வியாதியில் பலமாக இருமினாலே அது வருமாம்.

வியாதியின் பெயர் ஏ.எல். அமிலாய்டோசிஸ். எலும்பு மஜ்ஜையின் பிளாஸ்மா செல்கள் பழுதான லைட் செயின் புரதத்தைச் சுரக்கின்றன. அது இதயம், சிறுநீரகம், நரம்பு, நாக்கு என்று போய்ப் படிகிறது. இதைக் கண்டுபிடிக்க ஃப்ரீ லைட் செயின், இம்யூனோஃபிக்சேஷன் என்ற இரண்டு டெஸ்ட்டும் பார்க்க வேண்டும், வெறும் எலக்ட்ரோபோரெசிஸில் பலருக்கு இது தப்பிவிடும். வயிற்றுக் கொழுப்பை ஊசியால் எடுத்து காங்கோ சிவப்புச் சாயமிட்டு உறுதி செய்தார்கள்.

பழைய எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட் எங்கே என்று வேலூர் டாக்டர் கேட்டார். எங்களிடம் இருந்தது சம்மரி மட்டும்தான். அதில் "பம்பிங் நார்மல்" என்று ஒரு வரி. ஊருக்கு வந்து ரெக்கார்டு பிரிவில் கேட்டால், "அதெல்லாம் தர ரூல்ஸ் கிடையாது." ரூல்ஸ் இருக்கிறது. மருத்துவ கவுன்சிலின் 2002 விதிமுறைப்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். அப்பாவிடம் கையெழுத்து வாங்கி, அந்த விதியைக் குறிப்பிட்டு மனு கொடுத்தேன். நகலில் சீல் போட்டுத் தரும்வரை நகரவில்லை. இரண்டாம் நாள் ஃபைல் வந்தது.

நீங்கள் ரிப்போர்ட் தாளையே கேட்டு வாங்குங்கள். எக்கோவையும் இ.சி.ஜி.யையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிரஷரால் சுவர் தடித்த இதயம் என்றால் இ.சி.ஜி. கோடுகள் பெரும்பாலும் உயர்ந்து நிற்கும். சுவர் தடித்து, கோடுகள் மட்டும் குட்டையாக இருந்தால் அமிலாய்டா என்று கேட்டே ஆக வேண்டும். அப்பாவுக்கு அப்படித்தான் இருந்தது.

இப்போது அந்த பிளாஸ்மா செல்களை அழிக்க வாரம் ஒரு போர்டெசோமிப் ஊசி போடுகிறார்கள். இதயம் ஏற்கெனவே இறுகிவிட்டதால் ரொம்பப் பார்த்துப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள்.

அந்த ஃபைலில் இருந்த முதல் எக்கோ தாளிலேயே இதயச் சுவர் 15 மில்லிமீட்டர் தடித்திருந்தது. அடியில், "அமிலாய்டு இருக்கலாம், பரிசோதிக்கவும்" என்று எக்கோ எடுத்தவர் எழுதியிருந்தார். தேதி எட்டு மாதத்துக்கு முந்தையது. நான்கு டாக்டர்களில் ஒருவர்கூட அந்தத் தாளைத் திருப்பிப் பார்க்கவில்லை. அதற்கு பில் மட்டும் சரியாகப் போட்டிருந்தார்கள், 2,400 ரூபாய்.