அப்பாவின் ஹேர்னியாவும் ஐந்தாவது எஸ்ஸும்

இந்தமுறை ஊருக்குப் போனது அப்பாவின் ஹேர்னியா ஒப்பரேசனுக்காக. வடக்கில் ஓர் அரச வைத்தியசாலை, பெயர் வேண்டாம். தனியாரில் செய்வோம் என்று ரொறன்ரோவிலிருந்தே சொல்லிப் பார்த்தேன். "அங்க வெட்டுறதும் இதே டொக்டர்தான்" என்று அப்பா கதையை முடித்துவிட்டார்.

விடுதிச் சுவரில் ஒரு பலகை. அலுமாரி ஒன்றின் 'முன்', 'பின்' படங்கள் வெயிலில் வெளிறி, எது முன் எது பின் என்றே தெரியவில்லை. பக்கத்தில் காயத்தொற்று வரைபு. கோடு நாலு வருடத்துக்கு முதலே நின்றுபோயிருந்தது.

வேலைசெய்யும் இடத்தை ஒழுங்காக வைத்திருக்கும் யப்பானியரின் 5எஸ் முறை அது, ஐந்து படி. இலங்கையில் 2000ஆம் ஆண்டளவில் அதைச் செய்துகாட்டியது கொழும்பு காசல் வீதி மகளிர் வைத்தியசாலை. அதைப் பார்த்துத்தான் யப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜைக்கா பிறகு ஆபிரிக்க நாடுகளுக்கும் கொண்டுபோனது. கழிப்பது, அடுக்குவது, துடைப்பது, ஒரே முறையாக்குவது என்ற நாலையும் ஒரு சிரமதானத்தில் முடித்துப் படமும் எடுத்துவிடலாம். ஐந்தாவது, அதைப் பழக்கமாக வைத்திருப்பது. அதைத்தான் படம் எடுக்க முடியாது.

பலகையைப் பார்த்த பயத்தில் இரவு நித்திரை இல்லை. காலையில் ஒரு சின்ன மிஸ், இளம் தாதி, வந்து அப்பாவிடம் பெயர் கேட்டார். பிறகு டொக்டர் கேட்டார், வலப்பக்கம் பேனாவால் அம்புக்குறி போட்டார். தள்ளுகட்டிலில் ஏற்றும்போது அந்த மிஸ் மறுபடியும் அப்பாவின் விபரம் எழுதிய ரிக்கற்றைக் கையில் வைத்துக்கொண்டு, "ஐயா, பேர்? எந்தப் பக்கம்?"

"எத்தினை தரம் பிள்ளை கேட்பாய்? ராவோட ராவா பேர் மாறிப்போச்சோ?"

மிஸ் சிரிக்கவில்லை. பதில் வரும்வரை கட்டிலும் நகரவில்லை.

உலக சுகாதார நிறுவனம் ஒப்பரேசன் பாதுகாப்புக்காக 2008இல் கொண்டுவந்த 19 அம்சப் பட்டியல் இப்படிக் கேட்பதில்தான் தொடங்கும். சரிபார்ப்பது மூன்று தரம்: மயக்க முன் ஒருதரம், கத்தி வைக்க முன் ஒருதரம், தியேட்டரை விட்டு வெளியேற முன் ஒருதரம். 8 நகரங்களில் செய்து பார்த்தபோது ஒப்பரேசனுக்குப் பிந்திய இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8க்கு இறங்கியது. அதில் ரொறன்ரோவும் ஒன்று. ஆனால் ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் 2010இல் எல்லா வைத்தியசாலைகளும் இந்தப் பட்டியலைப் பாவிப்பதற்குக் கணக்குக் காட்டவேண்டும் என்று வந்தபின், 101 வைத்தியசாலைகளை ஆராய்ந்து 2014இல் வெளியான முடிவு, இறப்பில் குறிப்பிடும்படி குறைவில்லை என்றது. பெட்டிக்குள் சரி போடுவதும் கட்டிலை மறித்துக்கொண்டு கேட்பதும் ஒன்றல்ல என்பது என் எண்ணம்.

குறைகளும் உண்டு. கழிப்பறைக்குக் கொண்டி இல்லை, நான்தான் வாசலில் காவல். தியேட்டர் முடிந்ததைச் சொல்லவும் ஆளில்லை.

மூன்றாம் நாள் மருந்து கட்ட வந்த பெரிய சிஸ்டர், தள்ளுவண்டியிலிருந்த பொதி ஒவ்வொன்றிலும் தொற்றுநீக்கிய திகதியைப் பார்த்தார். நாள் கடந்த ஒன்றைத் தனியே எடுத்து வைத்தார். பலகையைப் பற்றி மெல்லக் கேட்டேன்.

"அதை எழுதினவ மாற்றலாகிப் போயிட்டா, தம்பி. எனக்கு எழுத நேரமில்லை. ஆனா பேர் கேக்கிறதையும் இந்தத் திகதியையும் நான் விடமாட்டன், பிள்ளையளையும் விட விடமாட்டன்."

கட்டை ஒட்டிவிட்டு நிமிர்ந்தார். "எனக்கும் வாற தையில மாற்றம்."