டிக்கிக்கு வெளியே ஒரு பட்டன்: நாலரை வருடத்துக்குப் பிறகு

திங்கட்கிழமை சாயங்காலமானால் சென்னிமலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் பெட்ஷீட் பண்டல்கள் வந்து இறங்கிவிடும். அன்று ராத்திரியே ஈரோடு ஜவுளிச் சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும். செவ்வாய்க்கிழமை நன்றாக விடிந்த பிறகு போனால், வெளியூர் வியாபாரிகளில் பாதிப் பேர் வாங்கி முடித்திருப்பார்கள். பெரிய லோடுக்கு டெம்போ இருக்கிறது. சாம்பிளும் சில்லறைப் பண்டல்களும் என் காரில்தான் போகும். 2012 மாடல் செடான். அதன் டிக்கியைத் திறக்க இரண்டே வழி. டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் தரையில் இருக்கும் லீவரை இழுக்க வேண்டும், இல்லையென்றால் டிக்கியில் சாவி போட்டுத் திருப்ப வேண்டும். மழை தூறும்போது அம்மா இரண்டு கையிலும் பண்டலோடு காருக்குப் பின்னால் நிற்பார். நான் முன்கதவைத் திறந்து, குனிந்து, லீவரைத் தேடிக்கொண்டிருப்பேன். "கண்ணு, நனையுது, வெரசாத் தொற" என்று குரல் வரும்.

2021 பொங்கல் லீவில் நம்பர் பிளேட்டுக்கு மேலே நானே ஒரு பட்டன் வைத்தேன். இப்போது நாலரை வருடம் ஆகிறது. நடுவில் மூன்று தடவை அதைப் பிரித்து மாற்றியிருக்கிறேன். பட்டன் வைப்பது ஒரு நாள் வேலை. அது எப்போது திறக்கக் கூடாது என்பதைச் சரிசெய்யத்தான் எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். கதவுகளுக்குப் போடும் சென்ட்ரல் லாக் மோட்டார் ஆட்டோ எலக்ட்ரிகல் கடைகளில் தனியாகவே கிடைக்கும். இரண்டு ஒயர் உள்ளது, ஐந்து ஒயர் உள்ளது என்று இரண்டு வகை. நமக்கு இரண்டு ஒயர் மோட்டார் போதும். ஒரு பக்கமாகக் கரண்ட் கொடுத்தால் கம்பியை இழுக்கும், ஒயரை மாற்றிக் கொடுத்தால் தள்ளும். ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் ஓட்டம் இருக்கும். டிக்கி மூடியின் உள்பக்கம் அதை ஸ்குரூ போட்டு முடுக்கி, அதன் கம்பியை லாக்கின் கைப்பிடியில் மாட்டினேன். கம்பி நேர்கோட்டில் இழுக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் பாதி விசை வீணாகிவிடும். பட்டனை விட்டதும் லாக்கின் ஸ்பிரிங்கே மோட்டாரைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொள்கிறது. லாக் இறுகியிருந்தால் இந்தச் சின்ன மோட்டார் திணறும் என்பதால் முதலில் லாக்கைத் துடைத்து கிரீஸ் வைத்தேன்.

மோட்டாரின் கரண்டைப் பட்டன் வழியாக நேராக விடக் கூடாது. நடுவில் 12 வோல்ட் ரிலே வேண்டும். சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச் அது. ரிலேயின் 30ஆம் பின்னுக்கு 10 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக பேட்டரி, 87இலிருந்து மோட்டார், மோட்டாரின் மற்ற ஒயர் பாடியில் எர்த். பட்டன் 85, 86 என்ற இரண்டு பின்களுக்கு நடுவே இருக்கும் காயிலுக்குப் போகும் சின்னக் கரண்டை மட்டும் கையாளும். பட்டனை விடும்போது காயிலில் கிளம்பும் மின் துள்ளலை அடக்க, அதற்குக் குறுக்கே 1என்4007 டயோடு ஒன்றையும் பற்ற வைத்தேன். எல்லாம் சேர்ந்து அப்போது 1,150 ரூபாய் ஆனது. லீவரின் பழைய கேபிளையும் சாவித் துவாரத்தையும் தொடவே இல்லை. பேட்டரி இறங்கிப் போனால் டிக்கியைத் திறக்க அவைதான் வழி. தயவுசெய்து யாரும் அவற்றைக் கழற்றிப் போட்டுவிடாதீர்கள்.

சரி, தப்பு நடந்த இடத்துக்கு வருகிறேன். பட்டன் வெளியே இருப்பதால் தெருவில் போகிற யாரும் அழுத்தலாம். அதனால் சாவி ஆக்சசரி நிலையில் (இன்ஜின் ஓடாமல் ரேடியோ மட்டும் பாடும் நிலை) இருந்தால் மட்டும் வேலை செய்யும்படி இணைத்திருந்தேன். நிறுத்தி வைத்த காரை யாரும் திறக்க முடியாது, அதுவே பாதுகாப்பு என்று நினைத்தேன். ஓடும் காரில் சாவி எப்போதும் அந்த நிலையைத் தாண்டித்தான் இருக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு திங்கட்கிழமை ராத்திரி பன்னீர்செல்வம் பார்க் சிக்னலில் நின்றபோது, பின்னால் பைக்கில் உட்கார்ந்திருந்த சின்னப் பையன் விளையாட்டாக அழுத்திவிட்டான். டிக்கி எழும்பிவிட்டது. அவனுடைய அப்பாவே இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டிச் சொன்னார். அவர் சொல்லாமல் விட்டிருந்தால் சந்தை போய்ச் சேருவதற்குள் பாதிப் பண்டல் ரோட்டில் விழுந்திருக்கும், பின்னால் வரும் டூவீலர்க்காரர் அதில் ஏறி விழுந்திருப்பார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த வாரமே மாற்றினேன். என் காரில் வெளியில் வாங்கிப் போட்ட ரிமோட் சென்ட்ரல் லாக் இருந்தது. பூட்டும்போது ஒரு ஒயரிலும், திறக்கும்போது மற்ற ஒயரிலும் ஒரு நொடிக்கும் குறைவாக 12 வோல்ட் வந்து போகும். இரண்டு காயில் உள்ள லாட்சிங் ரிலே ஒன்றை அந்த ஒயர்களில் இணைத்தேன். இந்த வகை ரிலே கடைசியாக வந்த துடிப்பை நினைவில் வைத்துக்கொண்டு அப்படியே நிற்கும், அதற்குத் தொடர்ந்து கரண்ட் தேவையில்லை. இப்போது கதவுகளின் பூட்டு திறந்திருந்தால்தான் பட்டனுக்கு உயிர். ஓட்டும்போது கதவைப் பூட்டிவிட்டால் எந்தச் சிக்னலிலும் பயமில்லை. சாவியைத் திருப்ப வேண்டியதும் இல்லாமல் போனது. அம்மா ரிமோட்டை மட்டும் இடுப்பில் செருகிக்கொள்கிறார். முதல் நாளே செய்திருக்க வேண்டியது இது.

பட்டனையும் மாற்ற வேண்டியிருந்தது. முதலில் வைத்தது சாதாரண பிளாஸ்டிக் பட்டன். ஐப்பசி மழை ஒன்று, வாட்டர் வாஷில் அடிக்கும் பிரஷர் ஒன்று, இரண்டிலும் நீர் புகுந்து உள்ளே பச்சை பூத்துவிட்டது. இப்போது இருப்பது தூசியும் தண்ணீரும் புகாத ஐபி67 தரத்தில் 16 மில்லிமீட்டர் ஸ்டீல் பட்டன். அழுத்தினால் மட்டும் தொடும், விட்டதும் விட்டுவிடும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். அழுத்தினபடியே நிற்கும் வகை என்றால் மோட்டார் கருகிவிடும். நம்பர் பிளேட் விளக்குக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக் பட்டையில், கீழ்நோக்கிப் பார்க்கும்படி வைத்தேன். தண்ணீர் அதில் தேங்காது, தகரத்தில் ஓட்டை போட்டுத் துருவை வரவழைக்கும் வேலையும் இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் பட்டன் இருப்பதே தெரியாது.

அப்புறம் 2023இல் ஒரு புதுத் தொந்தரவு. சில நாள் வேலை செய்யும், சில நாள் செய்யாது. ரிலேயை மாற்றினேன், ஃபியூஸைப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. எங்கள் ஊர் ஆட்டோ எலக்ட்ரீசியன் ஒருவர் பாடிக்கும் டிக்கி மூடிக்கும் நடுவில் ஒயர் போகும் ரப்பர் குழாயைப் பிதுக்கிப் பார்த்து, "மூடி ஆடற எடத்துல ஒயர இறுக்கிக் கட்டாதீங்க தம்பி" என்றார். மேல் உறை நன்றாகவே இருந்தது, உள்ளே செம்புக் கம்பி அறுந்து தொட்டும் தொடாமலும் கிடந்தது. தடித்த இழைகள் கொண்ட ஒயரை நான் இழுத்துக் கட்டியிருந்தேன். இரண்டரை வருடம் திறந்து மூடியதில் ஒவ்வொரு இழையாக முறிந்திருக்கிறது. மெல்லிய இழைகள் நிறைந்த சிலிகான் ஒயர் போட்டு, ஒரு வளையம் அளவுக்குத் தளர்வாக விட்டோம். இன்றுவரை பிரச்சனை இல்லை.

டிக்கியைத் திறக்க காரிலேயே எலக்ட்ரிக் சுவிட்ச் வைத்து வரும் புதிய கார்களில் இந்த மோட்டார் வேலையெல்லாம் தேவைப்படாது. ஆனால் அவற்றில் அந்த சுவிட்ச் பெரும்பாலும் காரின் கம்ப்யூட்டருக்கு ஒரு சிக்னலைத்தான் கொடுக்கும். அந்த ஒயரில் நேராக 12 வோல்ட் கொடுத்தால் கம்ப்யூட்டரே போய்விடலாம். வாரண்டி இருக்கும் வண்டியில் ஒயரை வெட்டவே வேண்டாம்.

போன மாதம் காங்கேயத்தில் மச்சான் காருக்கும் போட்டோம். அவரும் ரிமோட் லாக் வைத்திருப்பதால் லாட்சிங் ரிலேயை முதலிலேயே வைத்துவிட்டேன். ஒரே பகலில் முடிந்தது.

என் காரில் மோட்டாரும் பட்டனும் நன்றாக இருக்கின்றன. மூடியைத் தூக்கும் முறுக்குக் கம்பிகள்தான் தளர்ந்துவிட்டன. பட்டனை அழுத்தினால் டக்கென்று லாக் விடும், மூடி நாலு விரல்கடை எழும்பி நின்றுவிடும். கை நிறையப் பண்டலோடு நிற்கும் அம்மா முழங்கையால் அதை நெம்பித் தூக்குகிறார். ஆடி வியாபாரம் முடிந்ததும் அந்தக் கம்பிகளை மாற்ற வேண்டும்.