ஃபங்கஸ் துடைத்த லென்ஸை 'மின்ட்' என்று விற்கிறார்கள்: பழைய 70-200 வாங்கப்போகிறவர்கள் கவனத்துக்கு

சென்னையில் பழைய கேமரா சாமான் விற்கும் ஒரு கடையில் நிக்கான் 70-200 எஃப்/2.8 விஆர் 2 ஜூம் லென்ஸ் ஒன்றை 58,000 ரூபாய்க்கு வாங்கி ஏமாற்றப்பட்டிருக்கிறோம். "சிங்கிள் ஓனர், மின்ட் கண்டிஷன், ஃபங்கஸ் கிடையாது, ஓப்பன் பண்ணாத பீஸ்" என்று வாட்ஸ்அப்பில் விவரம் வந்தது. கடைசி இரண்டும் பச்சைப் பொய். ஃபங்கஸ், அதாவது பூஞ்சை, படர்ந்த லென்ஸைப் பிரித்து, உள்கண்ணாடியைப் பாலிஷ் போட்டுத் துடைத்து, திரும்ப மூடி விற்றிருக்கிறார்கள். கடைப் பெயரை இங்கே எழுதவில்லை, புகார் போயிருக்கிறது. இந்த வேலையை எந்தக் கடையிலும் எந்த லென்ஸிலும் செய்யலாம் என்பதால், எப்படி மறைக்கிறார்கள், பணம் கொடுக்கும் முன்பே எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை எழுதுகிறோம்.

முதலில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுகிறோம். வெயில் முதுகுப் பக்கம் இருக்கும்வரை படங்களில் ஒரு குறையும் தெரியவில்லை. மாலை வெயிலை எதிரே வைத்துக் கோபுரம் எடுத்தபோது நிழல் பகுதி முழுக்கச் சாம்பல் பூத்தது. லென்ஸின் முன்னால் வெளிச்சத்தை மறைக்க மாட்டும் ஹூட் போட்டும் மாறவில்லை. அதே இடத்தில், அதே எக்ஸ்போஷரில் இன்னொரு 70-200 லென்ஸில் எடுத்தால் கறுப்பு கறுப்பாகவே வந்தது. பிறகு டார்ச் அடித்துப் பார்த்தபோது உள்ளே ஒரு கண்ணாடியின் ஓரத்தில் சிலந்தி நூல் போல மெல்லிய இழைகள். அதே கண்ணாடியில் டார்ச் வெளிச்சத்தின் பிரதிபலிப்பு மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தது. மற்ற கண்ணாடிகளில் அது பச்சையும் ஊதாவுமாகத் தெரிந்தது.

இந்த வெள்ளைப் பிரதிபலிப்புதான் பெரிய சாட்சி. இந்த லென்ஸில் 16 குரூப்பில் (தொகுதியில்) 21 கண்ணாடிகள். கோட்டிங் இல்லாத கண்ணாடி ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். அதை ஒரு சதவீதத்துக்கும் கீழே இறக்குவது மல்டி கோட்டிங் எனும் பல அடுக்கு மேற்பூச்சு. ஃபங்கஸ் சுரக்கும் அமிலம் முதலில் அந்தக் கோட்டிங்கை அரிக்கும், நாளானால் கண்ணாடியையும் அரிக்கும். தடம் விழுந்த பிறகு துணியால் துடைத்து அதைப் போக்க முடியாது. சீரியம் ஆக்சைடு மாதிரி பாலிஷ் பவுடர் போட்டுத் தேய்த்தால் தடம் மறையும், அதோடு கோட்டிங்கும் போய்விடும். கோட்டிங் போன பரப்பு ஜன்னல் கண்ணாடியைப் போல வெள்ளையாகப் பிரதிபலிக்கும், எதிர்வெளிச்சத்தில் படத்தை வெளிறடிக்கும். ஃபங்கஸ் கண்ணுக்குத் தெரியும் லென்ஸைவிட இப்படித் துடைக்கப்பட்ட லென்ஸ் ஆபத்தானது. கடை விளக்கில் அது பளிச்சென்று இருக்கும்.

சர்வீஸில் பிரித்தபோது மற்ற தடயங்களும் வெளியே வந்தன. லென்ஸ் கேமராவில் மாட்டும் வளையமான மவுண்டில் ஸ்க்ரூக்களின் தலை சிதைந்திருந்தது, ஒன்று மட்டும் வேறு நிறம். ஜப்பான் லென்ஸ்களில் இருப்பது ஜேஐஎஸ் (ஜப்பானியத் தரநிலை) வகை ஸ்க்ரூ. பார்க்கச் சாதாரண பிலிப்ஸ் போலவே இருக்கும், ஆனால் பிலிப்ஸ் டிரைவர் அதில் முழுதாக உட்காராமல் வழுக்கி, குறுக்குக் குழியின் விளிம்பைக் கடித்துவிடும். பழக்கப்பட்ட மெக்கானிக் இந்தத் தடயம் விடமாட்டார். விளிம்பு கடிபட்டிருந்தால் தெரியாத கை பிரித்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

கடைக்காரர் பதில்: "கொடுக்கும்போது கிளீனா இருந்துச்சு சார், உங்க வீட்டு ஈரத்துல வந்திருக்கும்." இது பழைய கடைகளில் எல்லோரும் சொல்லும் பதில், ஆகவே மறுப்பையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் ஃபங்கஸ் வளரும், சென்னையில் அது பெரும்பாலான மாதங்களில் நடப்பதுதான். ஆனால் இழை படரவே வாரக்கணக்கில் ஆகும், கோட்டிங்கை அரிக்க இன்னும் நாளாகும். பாலிஷ் தேய்த்த தடமும் சிதைந்த ஸ்க்ரூத் தலையும் எந்த வீட்டு ஈரத்திலும் முளைக்காது. அவை மனிதக் கை செய்த வேலை.

கடையில் நாம் ஏமாறுவதற்கு ஒரு முக்கியக் காரணம் அப்பர்ச்சர், அதாவது லென்ஸுக்குள் பிளேடுகள் சுருங்கி விரியும் ஒளித் துளை. நிக்கானின் பழைய டி, ஜி வகை லென்ஸ்களைக் கேமரா பாடியிலிருந்து கழற்றினால் பிளேடுகள் சுருங்கி, நடுவில் சிறு துளை மட்டும்தான் திறந்திருக்கும். (டி வகையில் அப்பர்ச்சர் வளையத்தைக் கடைசி எண்ணில் பூட்டியிருந்தால் இப்படி.) கடைக்காரர் லென்ஸை ட்யூப்லைட்டை நோக்கிக் காட்டி "பாருங்க சார், கிளீன்" என்பார். நீங்கள் பார்ப்பது அந்தத் துளை வழியாகத் தெரியும் நடுப்பகுதியை மட்டும்தான். ஃபங்கஸ் பெரும்பாலும் கண்ணாடியின் ஓரத்திலிருந்துதான் படர ஆரம்பிக்கும், அந்த ஓரம் பிளேடுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். பின் மவுண்டுக்குள் ஒரு சிறிய உலோக லீவர் இருக்கும். அதை நகத்தால் மெல்லத் தள்ளிப் பிடித்தால் பிளேடுகள் முழுதாக விரியும், அப்படிப் பிடித்துக்கொண்டே பாருங்கள். கேனான் இஎஃப் லென்ஸில் இந்தச் சிக்கல் இல்லை, கழற்றினாலும் திறந்தே இருக்கும். மிரர்லெஸ் லென்ஸில் லீவர் கிடையாது. பாடியில் மாட்டி, ஆன் செய்து, எஃப் எண்ணைக் குறைந்தபட்சத்துக்கு வைத்து, முன்பக்கமிருந்து டார்ச்சைச் சாய்த்துப் பார்க்க வேண்டும்.

டார்ச் பிடிக்கும் கோணமும் முக்கியம். நேராக அடித்தால் கண் கூசும், ஒன்றும் தெரியாது. பின்பக்கமிருந்து 30, 45 டிகிரி சாய்த்து அடித்து, முன்பக்கமிருந்து வெவ்வேறு கோணத்தில் பாருங்கள். பிறகு லென்ஸைத் திருப்பி அதையே செய்யுங்கள். ஜூமை 70-லும் 200-லும் வைத்துப் பார்த்தால் உள்ளே நகரும் குரூப்கள் வேறு வேறு இடத்துக்கு வரும். தூசித் துகள்கள் தெரிந்தால் கவலை வேண்டாம், பத்து வருட லென்ஸில் தூசி இல்லாமல் இருந்தால்தான் யாரோ பிரித்திருக்கிறார்களோ என்று யோசிக்க வேண்டும். கவலைப்பட வேண்டியது கிளைவிடும் இழை, பால் படர்ந்தாற்போன்ற மங்கல், ஓரத்தில் வானவில் நிறத்தில் விரியும் திட்டு. கடைசியாகச் சொன்னது ஒட்டிய இரண்டு கண்ணாடிகள் பிரிவதன் அடையாளம், அதைச் சரிசெய்வது செலவுக்குக் கட்டுப்படியாகாது.

டார்ச்சைவிட நம்பகமான சோதனை ஒன்று உண்டு, கடையில் யாரும் தானாகச் செய்து காட்டமாட்டார்கள். உங்கள் சொந்த பாடியைக் கொண்டுபோங்கள். மொபைல் டார்ச்சை 5 மீட்டர் தள்ளி ஒரு அலமாரியில், லென்ஸைப் பார்த்தபடி வையுங்கள். லென்ஸ் 200-ல், எஃப்/2.8-ல், ஐஎஸ்ஓ 100-ல். மேனுவல் ஃபோகஸில் வளையத்தை மிகக் கிட்டத்துக்குத் திருப்புங்கள், இந்த லென்ஸில் அது 1.4 மீட்டர். டார்ச் ஒரு பெரிய ஒளிவட்டமாக மாறும். வட்டம் வெளுத்துப் போகாதபடி ஷட்டரை 1/1000-லிருந்து ஏற்றிக்கொண்டே எடுத்து, திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். உள்ளே இருக்கும் பெரும்பாலான குறைகள் அந்த வட்டத்தில் நிழலாக விழும். தூசி சிறு வளையங்களாகத் தெரியும், ஃபங்கஸ் கிளைத்த கோடுகளாக, துணியால் அழுத்தித் தேய்த்த தடம் ஒரு பக்கமாக வளைந்த மெல்லிய கீறல்களாகத் தெரியும். நாங்கள் வாங்கிய லென்ஸின் வட்டத்தில் மேல் இடது பகுதி முழுக்க அந்தக் கீறல்கள், நடுவே தடமாக ஒரு இழை. ஒரு எச்சரிக்கை: வார்ப்பு ஆஸ்பெரிக்கல் (கோள வடிவில் இல்லாத) கண்ணாடி உள்ள லென்ஸ்களில் வெங்காயம் நறுக்கினாற்போல் ஒரே மையத்தைச் சுற்றி வளையங்கள் வரும். அது தயாரிப்பில் வருவது, குறை இல்லை.

அடுத்தது எதிர்வெளிச்சம். கறுப்புக் கேமரா பை ஒன்றை ஃபிரேமின் நடுவில் வைத்து, பிரகாசமான விளக்கு ஒன்று ஃபிரேமுக்குச் சற்று வெளியே வரும்படி நின்று எடுங்கள். பிறகு முன்கண்ணாடியில் விளக்கு படாதபடி கையால் மறைத்து, அதே செட்டிங்கில் மறுபடி எடுங்கள். இரண்டு படத்திலும் பையின் கறுப்பை ஹிஸ்டோகிராமில் (இடது ஓரம் கறுப்பையும் வலது ஓரம் வெள்ளையையும் காட்டும் வரைபடம்) ஒப்பிடுங்கள். நல்ல லென்ஸிலும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். மறைக்காமல் எடுத்த படத்தில் இடது ஓரமே காலியாகிவிட்டால் வாங்காதீர்கள்.

பிரித்து மூடிய லென்ஸில் இன்னொன்றும் கெடும். கண்ணாடிக் குரூப்களுக்கு அடியில் மெல்லிய உலோக வளையங்கள் இருக்கும். அவற்றின் வரிசை மாறினாலோ ஒன்று விட்டுப்போனாலோ குரூப் சாய்ந்து உட்காரும், படத்தின் ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் குழைந்தும் வரும். ட்ரைபாடில் வைத்து, தூரத்தில் தெரியும் ஒரு சிறு எழுத்துப் பலகையை எஃப்/2.8-ல் நான்கு மூலைக்கும் மாற்றி மாற்றிக் கொண்டுவந்து, ஒவ்வொரு முறையும் லைவ் வியூவில் ஃபோகஸ் செய்து எடுத்துப் பாருங்கள். நான்கும் ஏறத்தாழ ஒன்றுபோல இருக்க வேண்டும். ஃபோகஸ் மோட்டாரையும் காதில் வைத்துக் கேளுங்கள். நிக்கான் ஏஎஃப்-எஸ் லென்ஸ்களில் கீச்சென்ற சத்தம் வந்தால் மோட்டார் தேய்ந்து வருகிறது. விஆர் (கை நடுக்கத்தைச் சரிக்கட்டும் அமைப்பு) ஓடும்போது வரும் மெல்லிய உறுமல் இயல்பு.

பாடியும் அதே கடையில் வாங்குவதாக இருந்தால் சுருக்கமாக: நிக்கானில் ஷட்டர் கவுண்ட், அதாவது இதுவரை எத்தனை படம் எடுத்தது என்ற எண், படக் கோப்போடு பதிவாகும் எக்ஸிஃப் தகவலில் இருக்கும். கேனான் பாடிகளில் பொதுவாக இருக்காது, கேபிள் போட்டு மென்பொருளில்தான் படிக்க வேண்டும். எண்ணை மட்டும் நம்ப வேண்டாம், அதை மாற்றி எழுத முடியும். எக்ஸிஃபில் வரும் சீரியல் எண்ணும் பாடியில் ஒட்டியிருக்கும் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். ஃபிளாஷ் மாட்டும் ஹாட் ஷூவின் பெயிண்ட் போய் உலோகம் தெரியும் பாடியில் 9,000 கவுண்ட் என்றால் நம்பாதீர்கள். வெள்ளைச் சுவரை அதிகபட்ச ஷட்டர் வேகத்தில் எடுத்து ஒரு பக்கம் இருட்டுகிறதா என்று பாருங்கள், இருட்டினால் ஷட்டர் திரை தளர்ந்திருக்கலாம். பேட்டரி அறையில் பச்சைப் பூப்பு இருந்தால் தண்ணீர் பட்ட பாடியாக இருக்கலாம்.

ஃபங்கஸ் சுத்தம் செய்த லென்ஸ் எதையுமே வாங்கக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆரம்ப நிலையில், கோட்டிங் அரிபடும் முன் முறையாகத் துடைத்த லென்ஸ் நன்றாகவே உழைக்கும். அதைச் சொல்லி, அதற்கேற்ற விலையில் விற்க வேண்டும். 58,000 என்பது குறையில்லாத லென்ஸுக்குக் கேட்ட விலை.

பில்லில் "யூஸ்டு லென்ஸ், நோ வாரண்டி" என்று மட்டும் எழுதித் தந்தால் வாங்காதீர்கள். மாடல், சீரியல் எண், "ஃபங்கஸ் இல்லை, பிரிக்கப்படவில்லை, 7 நாளுக்குள் இது தவறென்று தெரிந்தால் முழுப் பணம் திருப்பப்படும்" என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எழுத மறுக்கும் கடையில் யூபிஐ திறக்கவே வேண்டாம். பணம் கொடுக்கும் முன் ஒளிவட்டப் படத்தையும், சீரியல் எண் தெரியும்படி லென்ஸின் வீடியோவையும் எடுத்து வையுங்கள். விளம்பரத்தையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: "நோ வாரண்டி" என்று எழுதிவிட்டதால் பொய் சொல்லி விற்கும் உரிமை கடைக்கு வந்துவிடாது. முதலில் எழுத்தில் நோட்டீஸ் அனுப்பிவிட்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அதில் தீராவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், கடை இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கல்யாணப் படம் எடுத்துப் பிழைப்பவர்களும் சுயதொழிலுக்காக வாங்கியது என்று காட்டிப் போடலாம். தொழிலாக விற்பவர்மேல்தான் இது செல்லும், தன் சொந்த லென்ஸை ஒருமுறை விற்ற தனிநபர்மேல் செல்வது கடினம். எங்கள் புகாரோடு பில், வாட்ஸ்அப் விளம்பரம், ஒளிவட்டப் படம், ஸ்க்ரூத் தலைகளின் க்ளோசப், பாலிஷ் தடத்தைக் குறிப்பிட்டு சர்வீஸ் சென்டர் எழுதிக் கொடுத்த அறிக்கை ஆகியவற்றை இணைத்திருக்கிறோம். இதில் அறிக்கையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள், லென்ஸை வேறு எங்கும் பிரிக்கக் கொடுக்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.