அடிக்கடி ஃபியூஸ் போகும் காருக்குப் புதுப்பேட்டையில் ஒரு பட்டறை

பத்து ஆண்டுகளைக் கடந்த எங்கள் ஹேட்ச்பேக் காரில் பார்க்கிங் விளக்குக்கான 10 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி போய்க்கொண்டிருந்தது. அது போனால் பின்பக்க விளக்குகள், நம்பர் பிளேட் விளக்கு, டாஷ்போர்டு வெளிச்சம் எல்லாம் ஒருசேர அணைந்துவிடும். புதிய ஃபியூஸ் போட்டதும் எல்லாம் எரியும், பிறகு ஏதோ ஒரு மேடுபள்ளத்தில் மீண்டும் அணையும். முதலில் காட்டிய சர்வீஸ் சென்டரில் சிவப்பு நிற 10 ஆம்பியரை எடுத்துவிட்டு மஞ்சள் நிற 20 ஆம்பியரைச் செருகித் தந்தார்கள். ஃபியூஸ் என்பது விளக்கைக் காக்க அல்ல, வயரைக் காக்கவே வைக்கப்படுகிறது. 10 ஆம்பியருக்கென அமைத்த மெல்லிய வயரில் 20 ஆம்பியர் ஃபியூஸைப் போட்டால், ஃபியூஸ் உருகும் முன்பே வயரின் மேலுறை உருகக்கூடும். இதைச் சொல்லி ஆட்சேபித்தபோது, வயரிங் செட் முழுவதையும் மாற்றச் சொல்லிப் பெரிய தொகைக்கு எஸ்டிமேட் கொடுத்தார்கள். அதன்பிறகுதான் நண்பர் ஒருவர் சொல்லி, சென்னை புதுப்பேட்டைச் சந்து ஒன்றில் இருக்கும் இந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் வண்டியைக் கொண்டுபோனோம்.

வண்டியைத் தொடுவதற்கு முன் அவர் கேட்ட கேள்விகளே நம்பிக்கை தந்தன. சுவிட்சைப் போட்டவுடன் போகிறதா, ஓடும்போது போகிறதா, பின்னால் கேமராவோ கூடுதல் விளக்கோ வெளியில் பொருத்தியிருக்கிறீர்களா என்று விசாரித்தார். சுவிட்சைப் போட்ட கணமே போனால் நிலையான ஷார்ட், அதாவது வயர் எங்கோ காரின் உலோகத்தில் நேரடியாகப் பட்டுக்கொண்டே இருக்கிறது, அதைப் பிடிப்பது எளிது. எப்போதாவது போவதுதான் வேலை வாங்கும் என்றார்.

அவர் ஃபியூஸ் மேல் ஃபியூஸாகப் போட்டு எரிக்கவில்லை. இரண்டு வயர் பற்றவைத்த 12 வோல்ட், 21 வாட் பிரேக் பல்பு ஒன்றை ஃபியூஸ் இருக்கும் இடத்தில் செருகினார். ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். மின்னோட்டமோ ஏறக்குறைய 1.75 ஆம்பியரைத் தாண்டாது என்பதால், எவ்வளவு நேரம் தேடினாலும் வயர் சூடாகாது. அந்தச் சர்க்யூட்டில் உள்ள பார்க்கிங் பல்புகளை முதலில் கழற்றிவிட்டார். அவை இருந்தால் அவற்றின் வழியாகவும் மின்சாரம் பாய்ந்து சோதனைப் பல்பு மங்கலாக எரியும், எது ஷார்ட் என்று பிரித்துச் சொல்வது கடினமாகிவிடும். பிறகு டாஷ்போர்டின் அடியிலும் கதவோரத்திலும் வயர்க்கட்டை அசைத்துப் பார்த்தார், பல்பு எரியவில்லை. "டிக்கிய மெதுவா மூடுங்க சார், நான் பல்பப் பாக்குறேன்" என்றார். பாதி இறங்கும்வரை ஒன்றுமில்லை, முழுதும் இறங்கும் தறுவாயில் பல்பு பளிச்சென்று எரிந்தது.

டிக்கிக் கதவின் கீல் அருகே மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் இருக்கிறதல்லவா, கோளாறு அதனுள் இருந்தது. கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் அந்தச் சில அங்குல வயர் மட்டும் வளைந்து நிமிர்கிறது. வயதான மேலுறை அங்கேதான் முதலில் விரிசல் விடும். ரப்பரை உருவியபோது நம்பர் பிளேட் விளக்கின் வயரில் செம்பு வெளியே தெரிந்தது, அது உரசும் உலோக விளிம்பில் கரும்புள்ளி ஒன்றும் இருந்தது. பக்கத்திலிருந்த பின்பக்க வைப்பர் வயரும் விரிசல் விடத் தொடங்கியிருந்தது. கேட்காமலேயே அதையும் சேர்த்து மாற்றினார்.

ஒட்டுப்போட்ட முறையைத்தான் இந்தப் பட்டறையின் தரத்துக்குச் சான்றாகச் சொல்வேன். வளையும் இடத்திலேயே பற்றவைத்தால் அந்த இடம் விறைத்துப்போய் சில மாதங்களில் ஒடியும். எனவே வளைவுக்கு இருபுறமும் தள்ளி வெட்டி, இடையில் நெகிழ்வான பல இழை வயரைச் சேர்த்து, இணைப்புகள் ஒன்றுக்கொன்று நேராக வராதபடி முன்பின்னாக அமைத்து, ஒவ்வொன்றுக்கும் சூடாக்கினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டார். மேலே சாதாரண பிவிசி டேப்பைச் சுற்றப்போனபோது மட்டும் தடுக்க வேண்டியிருந்தது. சென்னை வெயிலில் அதன் பசை இளகி ஒழுகும். துணி டேப் பட்டறையில் இல்லை, பையனை அனுப்பிப் பக்கத்துக் கடையில் வாங்கிவரச் சொன்னார். உதிரிபாகக் கடைகளுக்கு நடுவே பட்டறை இருப்பதில் இந்த வசதி உண்டு.

பொருளுக்கான செலவு மிகக் குறைவு, வாங்கிய கூலி பெரும்பாலும் தேடிய நேரத்துக்கானது. அதில் எனக்கு வருத்தமில்லை. அச்சிட்ட பில் கிடையாது, உட்கார இடமில்லை, வண்டியைத் தெருவோரம்தான் நிறுத்த வேண்டும், தொலைபேசியை எடுப்பதும் அரிது. காலையிலேயே போய்விடுவது நல்லது. மாலையில் கொண்டுபோனால் மறுநாள்தான் கிடைக்கும். வேலைக்குப் பின் மீண்டும் 10 ஆம்பியர் ஃபியூஸையே போட்டார். ஒரு மழைக்காலம் கழிந்தும் அது போகவில்லை.

பழைய கார்களுக்கு இவரைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். விளக்குகளைக் கம்ப்யூட்டரே இயக்கும் புதிய மாடல்களில் இந்தப் பல்புச் சோதனை எல்லா இடத்திலும் பயன்படாது, ஸ்கேனரும் வயரிங் வரைபடமும் வேண்டும். அத்தகைய வண்டியை, அதுவும் வாரண்டி முடியாததைக் கொண்டுபோனால், வயரை வெட்டினால் வாரண்டிக்குச் சிக்கல் வரும் என்று சொல்லி அவரே திருப்பி அனுப்பிவிடுகிறார்.